மூன்றாம் பாட்டுக்கும் நாலாம் பாட்டுக்கும் நடுவில்

சுப்புலக்ஷ்மி தன் வீட்டுக்காரரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏன்னா" என்றுதான் கூப்பிடுவாள். அதிலும் அவளுக்கென்று ஓர் இழுப்பு உண்டு. முதல் எழுத்தை நன்றாக நீட்டிவிட்டுக் கடைசி எழுத்தை மெத்தென்று கீழே வைப்பாள். அந்த ஒரு சொல்லை இன்னொரு தரம் கேட்டுவிட மாட்டோமா என்று அச்யுத் கடைசிவரை ஏங்கிக் கிடந்தார். ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள். இதில் கெட்டவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. 

அச்யுதின் அப்பா மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். தொம்மலூரில் ஏரிப்பக்கம் வெறும் ராகி வயலாக இருந்த நாளில் சைட் வாங்கி வீடு கட்டினார். இப்போது அதைச் சுற்றிலும் கண்ணாடிக் கட்டிடங்கள். வீட்டின் கீழ்த்தளத்தை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அச்யுதும் சுப்புலக்ஷ்மியும் மாடியில் இருந்தார்கள். அவர் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் நிருபமா கல்யாணமாகி சந்தாபுராவில் இருந்தாள்.

அச்யுதுக்குச் சிகரெட், சீட்டாட்டம் என்று ஒன்றும் கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் ரெக்கார்டு. அதிலும் ஊரில் உள்ள ரெக்கார்டையெல்லாம் வாங்கிக் குவிக்கிற பைத்தியம் இல்லை. ஒரே ஓர் ஆல்பம். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு மழை ஊரில் நாலு பையன்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட குழு, டல் ஹார்பர் என்று பேர். எண்பதுகளின் தொடக்கத்தில் 'விண்டர் டைம்டேபிள்' என்று ஒரே ஓர் ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். போஸ்ட் பங்க் என்பார்கள் அந்த வகையை. முன்னால் கேட்டிராதவர்களுக்குச் சொல்வதென்றால், கிடார் சுவரைச் சுரண்டும், டிரம் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும், பாடுகிறவன் யாரோ செத்த வீட்டில் விலாசம் விசாரிப்பவன் மாதிரி பாடுவான். சுப்புலக்ஷ்மி அதற்கு வைத்த பேர் அழுமூஞ்சிப் பாட்டு.

அந்த ஒரே ஆல்பத்தை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக அச்சடித்திருந்தார்கள். பிரெஸ்ஸிங் என்று சொல்வது அதைத்தான். இங்கிலாந்தில் அடித்தது ஒன்று, ஹாலந்தில் அடித்தது ஒன்று, ஜப்பானில் ஒன்று, மறுபடி இங்கிலாந்திலேயே இரண்டாம் தடவை அடித்தது இன்னொன்று. நமக்கு எல்லாம் ஒரே கறுப்புத் தட்டுதான். அவருக்கு அப்படியில்லை. ஒன்றில் பேஸ் வயிற்றில் இடிக்கும், இன்னொன்றில் பாடகன் அரை அடி பின்னால் தள்ளி நிற்பான், வேறொன்றில் டிரம்மோடு சேர்ந்த சிம்பல் தட்டின் ஓசை மணல் மாதிரி உதிரும். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற வெற்று வளையத்தில் நம்பர் கீறியிருக்கும். அதை லென்ஸ் வைத்துப் படித்து எது எந்த அச்சுத் தகட்டிலிருந்து அடித்தது என்று சொல்லிவிடுவார். பி.வி.கே. ஐயங்கார் ரோடு சண்டே பஜாரில் தொடங்கிய தேடல் அது. பிற்பாடு தபாலில் ஹாலந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்து இறங்கும் அளவுக்குப் போய்விட்டது.

இதற்கு ஒரு கூட்டாளி வேண்டுமே. அவர்தான் தியோடர். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர், சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். இரண்டு பேரும் பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது அதில்தான் இருக்கிறது. ஒருவர் ஸ்பீக்கர்களுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் துண்டைக் கட்டிக்கொள்வார். மற்றவர் அவருக்குப் பின்னால் நின்று, எது என்று சொல்லாமல் தட்டை மாற்றி மாற்றி வைப்பார். கேட்கிறவர் எந்த நாட்டுப் பிரெஸ்ஸிங் என்று சொல்ல வேண்டும். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அச்யுத் தப்பாகச் சொன்னதே கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. "நம்ம அச்சுவுக்குக் கடவுள் காதை மட்டும் அளவெடுத்து வெச்சிருக்கான் குரு," என்பார் தியோடர், பொறாமையே இல்லாமல். கூட்டாளியைக் குரு என்று கூப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம்.

அந்த ஆல்பத்தின் இரண்டாவது பக்கத்தில், மூன்றாம் பாட்டு முடிந்ததும் நாலாவது உடனே வராது. வெறும் ஓர் உறுமல் மட்டும் ஓடும், தூரத்தில் எங்கோ ஜெனரேட்டர் போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் டிரம் விழும். முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு, சுப்புலக்ஷ்மிக்கு அந்த இடம் மனப்பாடம். பாட்டு அலறுகிறபோது கத்தினால் தன் தொண்டைதான் போகும் என்று தெரிந்தவள். அந்த உறுமல் வரும்வரை காத்திருந்து, "ஏன்னா, காபி கலக்கட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்பாள். அவரும் கண்ணில் துண்டோடு, "ஸ்வல்ப நேரம் ஆகட்டும்" என்பார். அப்படித்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தியோடர் வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. இந்தியாவிலேயே அடித்த பிரெஸ்ஸிங் ஒன்று, கீறல் இல்லாதது, அவர் கைக்கு வந்துவிட்டது. மூடிப்போன ஒரு பழைய கிளப்பின் சாமான்களோடு கிடந்ததாம். இரண்டு பேரும் எத்தனையோ வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. இந்தியப் பிரெஸ்ஸிங் வேறொரு டேப்பிலிருந்து எடுத்தது, மற்றதில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று சேகரிப்பவர்கள் நடுவில் ஒரு பேச்சு உண்டு. என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இருவரும் அன்றைக்கு உட்கார்ந்ததே, வித்தியாசம் ஒன்று கட்டாயம் இருக்கிறது, அதை நாம்தான் கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற நினைப்போடுதான். பாவம், தேடிப் போகிறவனுக்கு ஏதாவது ஒன்று கிடைத்துத்தானே தீரும்.

சுப்புலக்ஷ்மி பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டுத் துணி அலசக் குளியலறைக்குப் போனாள். வீட்டில் வேற்று மனிதர் இருந்தால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கிற்று. விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு உடைந்துபோனது. ஒரு கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அதிக தூரமில்லை, ஆனால் அசைய முடியவில்லை. கீழே கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. பாட்டு அறை சுவருக்கு அந்தப் பக்கம். ஸ்பீக்கர்கள் இரண்டும் அந்தச் சுவரோரமாகத்தான் நின்றன.

கெட்டிக்காரி அவள். வலியில் உயிர் போகிறபோதும் புத்தி தெளிவாக இருந்தது. பாட்டு ஓடும்போது கத்தி மூச்சை வீணாக்கவில்லை. மூன்றாம் பாட்டு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். உறுமல் வந்ததும் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "ஏன்னா" என்றாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் அச்யுத் கண்ணில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்பீக்கரிலிருந்து, உறுமலுக்கு அடியில், மெல்லிசாக ஒரு குரல். நீளமாக எழுந்து கீழே இறங்கிற்று. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. விதிப்படி பேசாமல் கையை மட்டும் உயர்த்தினார். தியோடர் முள்ளைத் தூக்கினார்.

"கேட்டியா?" என்றார் அச்யுத்.

"கேட்டேன். பொம்பளை குரல் மாதிரி."

"இங்கிலீஷ் பிரெஸ்ஸிங்ல இது கெடயாது, தியோ. சத்தியமா கெடயாது."

பாட்டு நின்றது சுப்புலக்ஷ்மிக்குக் கேட்டது. அப்பாடா, காதில் விழுந்துவிட்டது, வருகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இனிமேல் கூப்பிட வேண்டியதில்லை என்று மூச்சைச் சேமித்துக்கொண்டு கிடந்தாள்.

அவர்கள் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. தியோடர் இங்கிலாந்துத் தட்டை எடுத்து அதே மூன்றாம் பாட்டில் முள்ளை வைத்தார். அவள் இதோ வந்துவிடுவார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று பேசாமல் கிடந்த அந்த நேரத்தில் உறுமல் வந்தது, போனது. குரல் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அச்யுத் அதற்குள் துண்டை அவிழ்த்துவிட்டிருந்தார். மறுபடி இந்தியத் தட்டை வைத்தார்கள். மூன்றாம் பாட்டு முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் வரப்போவதில்லை என்று புரிந்துகொண்டவள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் இன்னும் மெலிந்திருந்தது.

இரண்டு தடவை அதே இடத்தில். இன்னொரு பிரெஸ்ஸிங்கில் கிடையாது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தியோடர் மூன்றாவது தடவை போட்டு, அதே இடத்தில் மறுபடி வந்த குரலைத் தன் ஃபோனில் பதிவும் செய்தார். உலகம் முழுக்க உள்ள சேகரிப்பவர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கம் ஒன்று உண்டு. இந்தியப் பிரெஸ்ஸிங்கில் ஒரு பேய்க்குரல் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அதில் எழுதிப் பதிவையும் போட்டார். ஹாலந்திலிருந்து ஒருவர் அங்கேயே வாழ்த்துச் சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மத்தியானங்கள் தனக்குக் குறைவு என்று அச்யுத் பிற்பாடு சொன்னார். அதைச் சொன்னபோது அவர் இருந்த இருப்பைப் பார்க்க முடியவில்லை.

காபி வரும் நேரம் தாண்டிப் போயிற்று. கை கழுவப் போன தியோடர்தான் குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருப்பதைப் பார்த்தார். "சிஸ்டர்" என்றார். பதிலுக்கு ஒரு முனகல். அந்த முனகலிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார்.

சத்தம் கேட்டு அச்யுத் ஓடிவந்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில், விளிம்பைத் தொட்டும் தொடாமலும், அந்த இந்தியத் தட்டு. பிளேயரிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தார். உறை இல்லாத தட்டைக் கண்ட இடத்தில் வைப்பது அவர்களுக்குள் பெரிய பாவம். நாற்பது வருஷப் பழக்கம். வாசலில் நின்று, ஈரத் தரையில் சுருண்டு கிடந்த பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் கண் திறந்து அவரைப் பார்த்தாள். அவர் திரும்பி உள்ளே போனார். தட்டை உள்ளுறையில் நுழைத்து, அட்டையில் போட்டு, நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்புறம்தான் வந்தார்.

நீங்கள் அவரைத் திட்டுவது எனக்குக் கேட்கிறது. திட்டுங்கள். ஆனால் கை செய்கிறதை மனசு அப்போது பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். கண் விழித்ததும் சுப்புலக்ஷ்மி நிருபமாவிடம் பேசினாள், நர்ஸிடம் பேசினாள், வார்டைப் பெருக்க வந்தவளிடம் கன்னடத்தில் ஊர் எது என்றுகூட விசாரித்தாள். அச்யுத் கட்டிலோரம் போய் நின்று, காதில் விழவே இல்லை சுப்பு, பாட்டு ஓடிண்டிருந்தது என்றார். பாதி பொய் அது. அந்தப் பொய்யை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. பயம்தான், வேறென்ன.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"பாட்டு ஓடறச்சே நான் கூப்டலை. எப்பவும் கூப்டற எடத்துலதான் கூப்ட்டேன். நான் கூப்ட்ட ஒடனே பாட்டை நிறுத்தினேள். அப்புறம் திருப்பி மொதல்லேர்ந்து போட்டேள். மறுபடி கூப்ட்டேன். மறுபடி நிறுத்தினேள், மறுபடி போட்டேள். காதுல விழலைன்னு சொல்லாதேங்கோ."

நிருபமா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி மட்டும்தான் இருந்தது, கோபம் இன்னும் வரவில்லை. அவர் வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

யோசித்துப் பாருங்கள், அந்த ஈரத் தரையில் அவள் என்ன நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாள். கூப்பிட்டது கேட்டிருக்கிறது, கேட்டும் திரும்பப் பாட்டைப் போடுகிறார் என்றுதானே. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு கிடப்பதைவிட எலும்பு முறிந்த வலி ஒன்றும் பெரிசில்லை.

தியோடர் ஒருநாள் வந்தார். ஆரஞ்சுப் பழப் பையைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சுப்புலக்ஷ்மி அவரைத் தேற்றினாள். நீங்கதானே கதவை ஒடைச்சு வந்தேள், நீங்க அழப்படாது என்றாள். பக்கத்தில் நின்ற அச்யுத் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வழியனுப்ப அவர் கூடவே கீழே இறங்கியதும், இணையப் பக்கத்தில் போட்டதை அழித்துவிட்டேன் என்று தியோடர் சொன்னார். அழிப்பதற்கு முன்னால், எந்த மொழி என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பெண் யாரையோ உதவிக்குக் கூப்பிடுகிறாள் என்று ஜப்பானிலிருந்து ஒருவர் எழுதியிருந்தாராம். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனுஷனுக்கு நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அந்த ரெக்கார்டிங்க நான் கேக்கணும்," என்றார் அச்யுத்.

"வேணாம் அச்சு."

"கேக்கணும்."

ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார். உறுமல் வந்தது. அதற்குள்ளிருந்து தெள்ளத் தெளிவாக "ஏன்னா." அந்த இழுப்பு, கடைசியில் மெத்தென்று இறங்குவது, எல்லாம் அப்படியே. இதை எப்படித் தெரிந்துகொள்ளாமல் போனோம் என்று அவருக்குத் தலை சுற்றிற்று. தியோடரின் கையைப் பிடித்துக்கொண்டு, அதை அழித்துவிடு என்றார். கண்ணெதிரிலேயே அழிக்கச் செய்தார். அப்புறம் தியோடர் அந்த வீட்டுக்கு வரவில்லை, இவரும் கூப்பிடவில்லை. சண்டை ஒன்றுமில்லை. ஒருவர் முகத்தில் மற்றவருக்கு அந்த மத்தியானம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே மேலே போய் மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. வேறு பிரெஸ்ஸிங் என்று நினைத்தது, இங்கிலாந்துத் தட்டை வைத்து ஒப்பிட்டது, அந்த நேரம் பார்த்து அவள் கூப்பிடாமல் இருந்தது, தட்டிலேயே இருக்கிற குரல் என்று தீர்மானித்தது, எல்லாம். சொல்லிவிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும், வேண்டுமென்று செய்யவில்லை என்றாவது தெரியட்டும் என்று நம்பினார். அவள் முழுக்கக் கேட்டாள். 

"டச்சுக்காரன் போட்ட தட்டு, இங்கிலீஷ்காரன் போட்ட தட்டு, ரெண்டையும் கண்ணைக் கட்டிண்டு சொல்லிடுவேள்," என்றாள். "என் குரல் தெரியலையா உங்களுக்கு?"

திட்டியிருந்தால், அழுதிருந்தால் அவர் பிழைத்திருப்பார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். 

மாடிப்படி ஏற முடியாதென்று நிருபமா அம்மாவைச் சந்தாபுராவில் தன் ஃப்ளாட்டுக்கு அழைத்துப் போனாள். அது தரைத்தளம். அச்யுத் கேட்காமலேயே பின்னோடு போனார். தொம்மலூர் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கீழ்க் கம்பெனி வாட்ச்மேனிடம் கொடுத்தார். பாட்டு அறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நிருபமா அவரிடம் அளவாகத்தான் பேசினாள். மாப்பிள்ளை கேசவ் மட்டும், மாமா, சாப்ட்டீங்களா என்று தினமும் கேட்பார். அந்த இரண்டு வார்த்தைக்கே அவருக்குக் கண் கலங்கும்.

சுப்புலக்ஷ்மி அவரிடம் பேசாமல் இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். மாத்திரை சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்பாள். ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் சாத்துங்கோ என்பாள். ஆனால் கூப்பிடுவது நின்றுபோனது. எது வேண்டுமானாலும் வேலைக்கு வருகிற மரகதத்தைக் கூப்பிடுவாள், நிரு என்று மகளைக் கூப்பிடுவாள். யாரும் இல்லாவிட்டால், வேண்டியது வேண்டாமலே கிடந்துவிடும். அச்யுத் கூடத்தில், கதவுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பத்தடி தூரம்கூட இருக்காது. டி.வி. போட மாட்டார், ஃபோன் பார்க்க மாட்டார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் கூப்பிட்டுவிட்டால், எங்கே இருந்தாலும் ஓடிப்போய் நின்றுவிடலாம். அதற்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்றே சொல்லலாம்.

ஒருநாள் காலை மரகதம் வரவில்லை. நிருபமாவும் கேசவும் வேலைக்குப் போய்விட்டார்கள். அச்யுத் நாற்காலியில் இருந்தார். உள்ளே கட்டில் ஒரு தினுசாக முனகிற்று. புரண்டு படுத்தால் வருகிற சத்தம் அவருக்குத் தெரியும், இது அதில்லை. எழுந்து போனார். சுப்புலக்ஷ்மி விளிம்புக்கு நகர்ந்து, ஒரு காலைத் தொங்கப்போட்டு, வாக்கரை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் விழுந்திருப்பாள். தோளுக்கடியில் கை கொடுத்துத் தாங்கினார்.

"நான் கூப்டலையே," என்றாள்.

"இல்லை. கூப்டலை."

"பின்னே?"

"கட்டில் சத்தம் மாறித்து."

அவள் அவரைப் பார்த்தாள். தள்ளிவிடுவாள் என்று நினைத்தார். தள்ளவில்லை. உடம்பின் பாரத்தை அவர் கையில் விட்டாள். குளியலறைக்குக் கூட்டிப்போய், வெளியே நின்று, திரும்பக் கூட்டிவந்து படுக்க வைத்தார். போர்வையை இழுத்துவிடும்போது அவள் கை அவர் மணிக்கட்டின் மேல் கொஞ்ச நேரம் கிடந்தது. வேண்டுமென்று வைத்தாளா, தவறி விழுந்ததா என்று சொல்ல முடியாது.

அன்றிலிருந்து அது ஒரு வேலையாகிவிட்டது அவருக்கு. தாகம் எடுத்தால் அவள் நாக்கால் உதட்டைத் தொடுகிற ஓசை தெரிந்தது. வலி வந்தால் மூச்சு இரண்டாக உடைவது தெரிந்தது. தலையணை சரியில்லை என்றால் வளையல் சுவரில் உரசும். ஒவ்வொன்றும் கேட்டவுடனே உள்ளே போய் நிற்பார். தண்ணீர் டம்ளரோடு போவார், தைலத்தோடு போவார். தப்பாகப் போனதே இல்லை. அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குடித்தனம் அப்படி வாயில்லாமல் நடந்தது. நிருபமாவுக்குக்கூட அப்பாவின் மேல் இருந்த கோபம் கரைய ஆரம்பித்தது. நன்றாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் நன்றாகிவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

படுத்தே கிடந்த உடம்பு. ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்றார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அச்யுத் நாற்காலியைக் கூடத்திலிருந்து எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். சாப்பாடும் அங்கேயேதான். அவளுடைய மூச்சு எந்த நிமிஷம் எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கிவிட வேண்டிய நேரம், துடைக்க வேண்டிய நேரம், முதுகைத் தடவ வேண்டிய நேரம் எல்லாம் அவள் நினைப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு காலைப்பொழுதில், மழை விட்டு வெயில் வந்திருந்தபோது போய்விட்டாள். கடைசியில் கண் திறந்து தேடுகிற மாதிரி பார்த்தாள். அவர் முகம் எதிரிலேயே இருந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. அவர் அதற்குள் தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்துவிட்டார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். அப்புறம் கண் மூடிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அச்யுத் மகளிடம் கேட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் பில் கட்ட, மருந்து வாங்க என்று வெளியே போயிருந்த சமயத்திலாவது அம்மா என்னைக் கூப்பிட்டாளா என்று. நிருபமா சுவரைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பாள். அவள் அம்மாவின் பெண், சொல்லவில்லை.

"இல்லைப்பா."

அவர் தலையாட்டினார்.

"நீ அவளுக்குக் கூப்பிட எடமே குடுக்கலையேப்பா," என்றாள் நிருபமா. "வாயைத் தெறக்கறதுக்குள்ள வந்து நின்னுடுவே. அவ எப்ப கூப்டுவா?"

ஆறுதலுக்குச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாளா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த உதடு பிரிந்தது தண்ணீருக்கா, வேறு எதற்காவதா என்று, பஞ்சு பிடித்த விரல்களைப் பார்த்தபடி அவர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நிருபமா விளக்கைப் போட்டுவிட்டு, சாப்பிட வா என்று இரண்டு தரம் சொன்னாள். இரண்டாவது தடவைதான் அவர் காதில் விழுந்தது.